பட்டாளத்து மாப்பிள்ளை

மீரா உசேன் இறந்த நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்த மறுநாளே கலந்தர் வந்தான். கையில் ஆப்பிள் பை. மெஹராஜ் பேகம் பையைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். அண்ணன் மகன் வெறுங்கையோடு வந்தால் பேச வருகிறான். ஆப்பிளோடு வந்தால் கேட்க வருகிறான்.

அவள் இத்தாவில் இருந்தாள். புருஷன் மவுத்தான பெண் சில மாதங்கள் வாசல் தாண்டக் கூடாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. அண்ணன் மகன் அந்நியன் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்தான்.

“மாமி, குடியரசு தினம் வருதுல்ல.”

“வருஷா வருஷம் வருது.”

“இந்தத் தடவ நம்ம நலச்சங்கம் பஸ் ஸ்டாண்டுல பெருசா பண்றோம். தஞ்சாவூர்லேர்ந்து அதிகாரி வர்றாரு. மாமாவுக்கு ஒரு பேனர் வெக்கிறோம். யூனிஃபார்ம்ல இருக்குற போட்டோ வேணும். அப்பறம் அந்த மெடலுங்க.”

“வேணாம்.”

“முழுசாச் சொல்லிடறேன் மாமி.”

“சொல்லு. வேணாம்.”

அவன் முழுசாகச் சொன்னான். பேனரில் ‘தேசம் காத்த நம்மூர்ச் சிங்கம்’ என்று போடுவார்கள். மெடல்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்கள். அவளும் நாலு வார்த்தை பேச வேண்டும், முகம் தேவையில்லை, குரல் போதும், செல்போனில் பதிந்துகொள்வார்கள். மகன் ஜாஹித்திடம் துபாய்க்குப் பேசியாயிற்று. அவன் சரி சொல்லிவிட்டான்.

“இது ஜாஹித் வீடா?” என்று கேட்டாள் மெஹராஜ்.

அதிராம்பட்டினத்தில் பிறந்த யாருக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். அங்கே வீடு பெண்ணுக்கு. தாய் மகளுக்குக் கொடுப்பாள், கல்யாணமான ஆண் பெட்டியோடு பெண்டாட்டி வீட்டுக்குப் போவான். தொண்ணூறு வயதானாலும் அந்த வீட்டில் அவன் மாப்பிள்ளைதான். இந்த வீடு மெஹராஜின் உம்மா கொடுத்தது. அடுத்து அவள் மகள் சபிஹாவுக்கு.

மீரா உசேன் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தபோது தெரு சிரித்தது. ஊரில் ஆண்பிள்ளை என்றால் சபருக்குப் போக வேண்டும். கொழும்பு, பினாங்கு, பிறகு துபாய், சவூதி. கடல் தாண்டிப் போய்ச் சம்பாதித்து, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சென்ட் பாட்டிலோடு வருவதுதான் லட்சணம். இவர் ரயிலேறிப் பட்டாளத்துக்குப் போயிருந்தார். ‘பட்டாளத்து மாப்பிள்ளை’ என்று பெயர் வைத்தார்கள். கேலியாகத்தான் வைத்தார்கள். கடைசிவரை அந்தப் பெயர் நின்றது. கேலி மட்டும் எப்போதோ கழன்றுவிட்டது.

பட்டாளத்தில் அவர் லாரி ஓட்டினார். அவர் காலத்தில் வந்த இரண்டு சண்டைகளிலும் ஓட்டினார். போகும்போது அரிசியும் மண்ணெண்ணெயும், திரும்பும்போது காயம்பட்டவர்கள். பென்ஷனோடு வந்து இறங்கிய அன்று மெஹராஜின் அண்ணன்மார் பினாங்குக்கு விசா தயாராக வைத்திருந்தார்கள். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“இவ்வளவு நாளு வீட்டுக்கு விருந்தாளியா வந்து போனேன் மச்சான். போதும்” என்றார்.

பழைய அம்பாசடர் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டினார். விடிந்ததும் மீன் ஏலத்துக்குப் போவார். தெருவில் ஆண் இல்லாத வீடுகளின் பைகளெல்லாம் அவர் சைக்கிளில் தொங்கும். எந்த வீட்டுக்குக் கொடுவா, எந்த வீட்டில் இறால் ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். சபிஹாவுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூடத்தில் விட்டுவருவார். பின்னல் இறுக்கமாக, பட்டாளத்துக் கயிறு மாதிரி இருக்கும். சாயங்காலம் வரை அவிழாது. மெஹராஜுக்குத் தஞ்சாவூரில் ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்து, தினமும் அவள் துணியைத் துவைத்து, மொட்டைமாடிக் கம்பியில் காயப்போட்டார். பக்கத்துக் கட்டில்காரி கேட்டாள், “ஒங்க வேலைக்காரரா?” என்று. “ஆமா, சம்பளமில்லாத ஆளு” என்று அவரே சொன்னார்.

தெருவில் பாதிப் பிள்ளைகள் அந்தக் காரில் போய்ப் பிறந்தவர்கள். ஷமீரா காரிலேயே பிறந்தவள். தை மாத அறுவடை, பட்டுக்கோட்டை ரோட்டில் பாதிவரை நெல் காய்ந்தது. எதிரே லாரி. பின்சீட்டில் அவள் உம்மா பாத்திமா கத்துகிறாள். மீரா உசேன் நெல்மேல் ஏற்றி ஓட்டினார். மறுநாள் நெல்லுக்காரர் வீரையனைத் தேடிப் போய்ச் செய்தி சொன்னார். “பட்டாளத்து லாரின்னு நெனச்சிட்டீங்களா?” என்று வீரையன் முறைத்தார். என்ன பிள்ளை என்று கேட்டார். பெண் என்றதும் அரை மூட்டை நெல்லைக் காரில் ஏற்றிவிட்டார்.

அந்த ஷமீராதான் இப்போது கலந்தரின் மனைவி.

“மாமி, நான் வெளம்பரத்துக்குக் கேக்கலை” என்றான் கலந்தர். குரல் இறங்கியிருந்தது. “எம்மவன் அஸார் தஞ்சாவூர்ல படிக்கிறான்ல. ரூம் தேடறான். போன்ல பேசும்போது வாங்க தம்பிங்கறாங்க. நேர்ல போயி பேரு சொன்னதும் ஆளு வந்துடுச்சுங்கறாங்க. வாடகைக்குங்கற போர்டு அப்படியே தொங்குது. புள்ள ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறான். நாளைக்கு ஒருத்தன் அவன்கிட்ட நீ யாருடான்னு கேட்டா, எங்க வீட்டுப் பெரியவரு யாருன்னு பாருங்கன்னு காட்ட ஒரு ஆளு வேணாமா? நமக்கு மாமா இருக்காங்க. ஊருல வேற யாரு இருக்கா?”

அவன் பொய் சொல்லவில்லை.

“ஆபரேஷன் முடிஞ்சு ஒங்க மாமா என்னைக் கூட்டிட்டு வந்தாங்கள்ல” என்றாள். “அப்ப ரோட்டுல போலீஸ் நிக்குது. எங்கயோ குண்டு வெடிச்ச நேரம். பேரைக் கேட்டான். கேட்டுட்டு ஓரமா நிறுத்துன்னுட்டான். டிக்கியத் தொறந்தான், சீட்டத் தூக்கினான். நான் தையலோட வெயில்ல ஒக்காந்திருக்கேன். பட்டாளத்துக் கார்டு இவங்க சட்டைப் பையில இருக்கு. எடுக்கவே இல்லை. லைசென்ஸக் காட்டிட்டு மைல் கல்லு மேல ஒக்காந்துட்டாங்க. விட்டதுக்கப்பறம் நான் சண்ட போட்டேன். கார்டக் காட்டியிருந்தா சல்யூட் அடிச்சு அனுப்பியிருப்பானேன்னேன்.”

“அதத்தான் மாமி நானும்...”

“பின்னாடி மீன் வண்டிப் பையனையும் நிறுத்தி வெச்சிருந்தாங்க. நான் கார்டக் காட்டிட்டுப் போயிட்டா அந்தப் பையன் எதைக் காட்டுவான்னு கேட்டாங்க ஒங்க மாமா. நான் வாயை மூடிட்டேன். இப்ப நீ சொல்லு. பட்டாளத்துக்குப் போன மாமா இல்லாத புள்ள எதைக் காட்டும்?”

கலந்தர் எழுந்தான். ஆப்பிளை எடுத்து ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னான். போகும்போது கூடத்தில் சற்று நேரம் நின்றான். கையில் செல்போன். ஏதோ மெசேஜ் படிக்கிறான் என்று அவள் நினைத்தாள்.

குடியரசு தினத்துக்கு முந்தைய நாள் காலை சபிஹா கடைத்தெருவிலிருந்து மூச்சிரைக்க வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை. செல்போனை உம்மாவிடம் நீட்டினாள்.

பஸ் ஸ்டாண்டு வாசலில் இரண்டு மூங்கிலுக்கு நடுவே பேனர். மேலே வானத்தில் மூவர்ணம், மூலையில் பீரங்கி, பறக்கும் புறாக்கள். நடுவில் யூனிஃபார்மில் ஒரு ஆள். அகன்ற மார்பு, முறுக்கு மீசை, கத்தி மாதிரிப் பார்வை. கீழே சிவப்பு எழுத்தில் ‘சிங்கம் மீரா உசேன்’.

மெஹராஜ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தாள். கூடத்துச் சுவரில், அன்று கலந்தர் செல்போனோடு நின்ற இடத்தில், பட்டாளத்துக் கூட்டம் ஒன்றாக நிற்கும் போட்டோ மாட்டியிருந்தது. அதிலிருந்து ஒருவனை வெட்டி எடுத்திருக்கிறார்கள்.

“இது சூர்யபிரகாஷ்” என்றாள்.

“யாரு உம்மா அது?”

“ஸ்டோர்ல இருந்தவன். கம்பளியெல்லாம் வெளியில வித்துட்டு மாட்டிக்கிட்டான். பட்டாளத்த விட்டே தொரத்திட்டாங்க. நல்லாப் பாடுவானாம். ஒங்க வாப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மவுத்துக்குப் பிறகு வந்த முதல் சிரிப்பு. கட்டில் ஆடச் சிரித்தாள். சபிஹா பயந்துபோய் அவள் தோளைப் பிடித்தாள். கம்பளி திருடினவனுக்கு நாளைக்கு அதிகாரி மாலை போடுகிறார். மீரா உசேன் இருந்திருந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்திருப்பார்.

கலந்தரைக் கூப்பிட்டனுப்பினாள். வந்தான். திட்டு வாங்கத் தயாரான முகத்தோடு வந்தான். சபிஹா விஷயத்தைச் சொன்னதும் அந்த முகம் மாறியது. கூடத்துக்குப் போய்ப் போட்டோவைப் பார்த்தான். திரும்பி வந்தான்.

“நடுவுல கம்பீரமா இருக்காரேன்னு...” என்றான்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. அந்தப் போட்டோ எடுத்தபோது அவன் பிறக்கவில்லை. மீசை முளைத்ததும் மலேசியா போனான், நரைத்த பிறகு வந்தான். அவன் அறிந்த மாமாவுக்கு வெள்ளைத் தாடியும் கைத்தடியும் இருந்தன. அவன் வாப்பாவுக்கும் சித்தப்பாமாருக்கும் கேட்டாலும் தெரிந்திருக்காது. அவர்களும் கடலுக்கு அப்பால் இருந்தவர்கள்.

“எறக்கிடு” என்றாள் மெஹராஜ்.

“நாளைக்கு நிகழ்ச்சி மாமி. நோட்டீஸ் அடிச்சாச்சு. இப்ப எறக்குனா ஏன்னு கேப்பாங்க. படமே பொய்னு தெரிஞ்சா பேரு நாறிடும். ஒரு நாளு. சாயங்காலம் நானே கழட்டிடறேன். யாருக்குத் தெரியப்போகுது? மாமாவ அந்த வயசுல பாத்தவங்க யாரு இருக்கா இந்த ஊருல?”

சபிஹா தன் உம்மாவைப் பார்த்தாள்.

“யாருமில்ல?” என்றாள் மெஹராஜ்.

“ஆம்பளைங்கள்ல சொன்னேன் மாமி.”

“சரி. போயி வேலையப் பாரு.”

அவன் தப்பித்தோம் என்று போனான். மெஹராஜ் சபிஹாவிடம் கையை நீட்டினாள். “அந்த போனக் குடு. ஷமீராவுக்குப் போடு.”

மணி அடித்தது. எடுத்தாள்.

“ஷமீரா, இன்னிக்குச் சோத்துக்கு என்ன ஆணம்?”

“கொடுவா ஆணம் மாமி. ஏன், அனுப்பவா?”

“நீ சாப்பிடு. ஒன் மாப்பிள்ளைக்குக் கதவத் தொறக்காத.”

மெஹராஜ் காரணத்தைச் சொன்னாள். வேண்டாம் என்றதை, போட்டோவை, சூர்யபிரகாஷை, யாருக்குத் தெரியும் என்று கேட்டதை. ஒன்றையும் கூட்டிச் சொல்லவில்லை.

“எதுவரைக்கும் மாமி?”

“பேனர் எறங்குற வரைக்கும்.”

“கத்துவாங்க.”

“கத்தட்டும். வீடு யாரு வீடு?”

“எங்க உம்மா குடுத்தது.” ஷமீரா குரலில் சிரிப்பு ஏறியது. “நாளைக்குப் போட வெள்ளைச் சட்டை இஸ்திரி பண்ணி உள்ளதான் வெச்சிருக்காங்க.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றாள் மெஹராஜ்.

அடுத்து கலந்தரின் தங்கைக்குப் பேசினாள். அது அவன் உம்மா வீடு, இப்போது தங்கை வீடு. அடுத்து நலச்சங்கப் பொருளாளரின் பெண்டாட்டிக்கு. துணைத்தலைவரின் மாமியாருக்கு. இத்தாவில் இருப்பவள் வாசல் தாண்டக் கூடாது. போனுக்கு அந்தச் சட்டம் இல்லை. யாருக்கும் நீட்டி விளக்க வேண்டியிருக்கவில்லை. பட்டாளத்து மாப்பிள்ளை பேனரில் வேறு ஆள் என்றதுமே, அவரை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிட்ட எல்லாரும் ஒரே கேள்வி கேட்டார்கள்.

“நம்ம காக்காவையா தெரியலை?”

மதியம் லுஹர் தொழுதுவிட்டுக் கலந்தர் சாப்பிடப் போனான். கதவு தாழிட்டிருந்தது. தட்டினான். மறுபடி தட்டினான்.

“ஷமீரா, கதவு.”

“பேனர் எறங்கிடுச்சா?”

“எந்த பேனரு? மொதல்ல கதவத் தொற.”

“அப்ப எறங்கலை.”

எதிர்வீட்டு மாடி ஜன்னலில் ஷமீராவின் உம்மா பாத்திமா நின்றாள். ஓரகத்தி வீட்டுக்கு வந்திருந்தவள். நெல்மேல் போன காரில் கத்தினவள்.

“என்ன மாப்பிள, வெளில வெயில் ஜாஸ்தியா?” என்றாள்.

“மாமி, நீங்களாவது சொல்லுங்க.”

“சொல்றேன். மூங்கில் கயித்த அவுக்க அரிவாள் வேணும்னா இங்கேர்ந்து போடறேன். தள்ளி நில்லுங்க.”

தங்கை வீட்டுக்குப் போனான். தங்கை ஜன்னல் வழியாகத் தண்ணீர் மட்டும் கொடுத்தாள். தன் சிமெண்ட் கடைக்குத் திரும்பி, மூட்டை மேல் உட்கார்ந்து பரோட்டா தின்றான். பொருளாளர் வந்தார், அவருக்கும் வீட்டில் சோறில்லை. பின்னாலேயே வந்த துணைத்தலைவருக்குச் சர்க்கரை மாத்திரை வீட்டுக்குள்ளே மாட்டிக்கொண்டது. மாமியார் அதை மட்டும் பொட்டலமாக மேலேயிருந்து போட்டாளாம். அவர்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊரில் அவர்களுக்குக் கடை இருந்தது, சங்கம் இருந்தது, பள்ளிவாசலில் முதல் வரிசை இருந்தது. சொந்தமாக ஒரு வாசல்படி இல்லை.

கலந்தர் போன் செய்தான். சபிஹா ஸ்பீக்கரில் போட்டாள்.

“மாமி, ஞாயமா இது? நான் நல்லதுக்குத்தான் பண்ணேன்.”

“தெரியும்.”

“அப்பறம் ஏன் இப்படி? போட்டோவ மாத்திடறேன். சரியான போட்டோ குடுங்க, ராவுக்குள்ள பிரிண்ட் போட்டுடலாம்.”

“போட்டோ தப்புங்கறதுக்காகவா நான் வேணாம்னேன்?”

மெஹராஜ் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“ஒருத்தர் இருந்தாரு, பொண்டாட்டி புள்ளையோட இருந்தாரு. சண்டைக்குக் கூப்பிட்டாங்க, போனாரு. முடிஞ்சுது, வந்தாரு. அதுக்கு அவரு யார்கிட்டயும் கைய நீட்டலை. நீ அவரத் தூக்கி வாசல்ல நிறுத்தி எங்களை நம்புங்கன்னு நீட்டுற. உசுரோட இருக்கும்போது அவர அப்படி நிறுத்தியிருப்பியா?”

“மாட்டேன்.”

“இப்பயும் நிறுத்தாத.”

பின்மதிய அஸர் பாங்கு கேட்டது. பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. மெஹராஜ் தொழுதாள், தஸ்பீஹ் ஓதினாள். சபிஹாவின் போன் இடைவிடாமல் அடித்தது, அவள் எடுத்து எடுத்துச் சிரித்தாள். தெருவில் இன்னும் எந்தக் கதவும் திறக்கவில்லை. ஜாஹித்தும் துபாயிலிருந்து கூப்பிட்டான். “உம்மா, என்ன ஊரையே பூட்டிட்டீங்களாம்?” என்றான். “நீயும் லீவுல வரும்போது பொண்டாட்டி வீட்டுலதான் எறங்கணும், பாத்துப் பேசு” என்றாள் மெஹராஜ்.

பொழுது சாய்ந்து, மஃரிபுக்குச் சற்று முன் கலந்தர் வந்தான். தோளில் சுருட்டிய ஃப்ளெக்ஸ். சட்டையில் மூங்கில் தூசி. அதைக் கூடத்தில் கிடத்திவிட்டு, சுவர் போட்டோ முன் நின்றான்.

“இதுல மாமா யாரு?”

மெஹராஜ் கட்டிலிலிருந்து இறங்கி, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தாள். பின்வரிசையில் ஓரத்தில் ஒரு ஒல்லிப் பையன். தொப்பிக்கு வெளியே காது இரண்டும் விரிந்து நின்றன. முகத்தைத் திருப்பியிருந்ததால் பாதி கலங்கலாகத் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தான்.

“யாரப் பாத்துச் சிரிக்கிறாங்க?”

“சூர்யபிரகாஷத்தான். வெளியில தொரத்த வேண்டியவன நடுவுல நிறுத்தியிருக்காங்களேன்னு.”

கலந்தருக்கு வாய் கோணியது. சிரிப்பை அடக்கினான். “இத வெச்சு பேனரே அடிக்க முடியாது மாமி.”

“ஆமா. அடிக்க முடியாது.”

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். சபிஹா ஒரு தட்டில் இடியாப்பமும் கொடுவா ஆணமும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். ஷமீரா கொடுத்தனுப்பியது என்றாள். கதவு திறந்திருக்கிறதாம். அவன் தலையைக் குனிந்து தின்றான். பாதியில் நிறுத்தினான்.

“நாளைக்கு அந்த அதிகாரிக்கு என்ன சொல்றது?”

“கொடி ஏத்துங்க. புள்ளைங்களுக்கு மிட்டாய் குடுங்க. எப்பவும் பண்றதுதானே.”

“அஸாருக்கு?”

மெஹராஜ் சுவரை விட்டுக் கையை எடுத்து நிமிர்ந்து நின்றாள். முழங்கால் வலித்தது.

“அவன் தன் பேரைச் சொல்லியே ரூம் கேக்கட்டும். இல்லைன்னா அடுத்த வீட்டுல கேக்கட்டும். குடுக்குறவங்க இருப்பாங்க. நீ யாருடான்னு எவனாவது கேட்டா, அவனை இங்க அனுப்பு. நான் இத்தாவுல இருக்கேன். எங்கயும் போக மாட்டேன்.”